மலர் அஞ்சல்தலைகள்: நம் ஊர்ச் செடிகளிலிருந்து தொடங்குவது எப்படி?

திருமங்கலத்தில் நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர், தம் மாணவிகளில் சிலர் செடி, கொடி, பூக்கள் அச்சிட்ட அஞ்சல்தலைகளைச் சேர்க்க ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறார். "கடையில் கிடைக்கும் நூறு பூத்தலைகள் அடங்கிய பொட்டலத்தை வாங்கிக் கொடுத்தால் போதுமா, அல்லது வேறு முறை உண்டா, அதிகச் செலவில்லாமல் எதைச் சேர்ப்பது, எப்படிப் பாதுகாப்பது?" என்பது அவருடைய கேள்வி. இந்தப் பொழுதுபோக்கில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொட்டலம் வேண்டாம். மாணவிகள் நேரில் போய் நின்று பார்க்கக்கூடிய செடிகளும் மரங்களும் எந்தெந்தத் தலைகளில் இருக்கின்றனவோ, அவற்றிலிருந்து தொடங்குங்கள். மதுரையைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இந்த வாய்ப்பு மிகுதியாக அமைந்திருக்கிறது.

பொட்டலத்தை நான் மறுப்பதற்குக் காரணம் உண்டு. அவற்றில் இருப்பவற்றுள் பல, ஒரு கடிதத்தையும் சுமந்து செல்லாதவை. சோவியத் காலத்துக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் வேறு சில நாடுகளும், சேகரிப்பாளர்களுக்கு மலிவாக விற்பதற்கென்றே தலைகளைத் தாள் தாளாக அச்சிட்டு, அச்சகத்திலேயே முத்திரையையும் குத்தி அனுப்பின. அத்தகைய தலையை அடையாளம் காண்பது எளிது. முத்திரை ஒரு மூலையில் மட்டும் கால் வட்டமாக, சிறிதும் கலங்காமல் விழுந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கும். உறையில் ஒட்டப்பட்டு, அஞ்சலகத்தில் முத்திரை பெற்று, பின்பு நீரில் ஊறவைத்துப் பிரிக்கப்பட்ட தலையில் பசை இருக்க வழியில்லை. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் வெளிவந்த பளபளப்பான மலர்த்தலைகளும் இந்த வகையையே சேர்ந்தவை. ஐக்கிய அரபு அமீரகம் உருவான பின் அவை நின்றன. இவை பார்க்க அழகானவை என்பதில் ஐயமில்லை. குழந்தைகள் ஒட்டி மகிழ்வதிலும் தவறில்லை. ஆனால் ஒரு தலையை எடுத்து, இது எந்தச் செடி, எங்கே வளர்வது, இந்த நாடு ஏன் இதை அச்சிட்டது, யார் யாருக்கு இதை ஒட்டி எழுதினார்கள் என்று கேட்டால், அந்தப் பொட்டலம் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பெரும்பாலும் முதல் கேள்விக்கும் சொல்லாது.

இனி எதைச் சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். இந்திய அஞ்சல் துறை 1977ஆம் ஆண்டு இந்திய மலர்கள் என்ற தலைப்பில் நான்கு தலைகளை வெளியிட்டது. 25 காசுக்குத் தாமரை, 50 காசுக்கு ரோடோடெண்ட்ரான், 1 ரூபாய்க்குக் கடம்பு, 2 ரூபாய்க்குச் செங்காந்தள். மதுரைப் பிள்ளைகளின் தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பக்கம் வேறு இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊருக்கே கடம்பவனம் என்று ஒரு பெயர். மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் கடம்பே. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கொடைக்கானல் மலையில் உயர்ந்த இடங்களில் ரோடோடெண்ட்ரான் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்பதைச் சுற்றுலா போனபோது மாணவிகள் பார்த்திருக்கக்கூடும். தாமரையைப் பார்க்க வண்டி ஏறவே வேண்டியதில்லை.

இந்த நான்கில் செங்காந்தள் தலையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலையை எப்படிப் படிக்கலாம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. குளோரியோசா சூபர்பா என்ற தாவரப் பெயருடைய இந்தக் கொடியை ஆங்கிலத்தில் லில்லி என்றே அழைத்து வந்தார்கள். பழைய வகைப்பாட்டிலும் லில்லிக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். இப்போது அது கால்ச்சிகேசியே என்ற வேறொரு குடும்பத்தில் வைக்கப்படுகிறது. அந்தக் குடும்பப் பெயரோடு தொடர்புடைய கால்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பதால்தான், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் உழவர்கள் பந்தலிட்டு, கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிடுகிறார்கள். விதை மருந்துத் தயாரிப்புக்காக ஏற்றுமதியாகிறது. அதே கொடி ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலராகவும் இருப்பதால் அந்நாட்டுத் தலைகளிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆக, 2 ரூபாய்த் தலை ஒன்றின் பக்கத்தில் ஜிம்பாப்வே தலை ஒன்றையும், ஒட்டன்சத்திரம் பக்கம் எடுத்த பந்தல் படம் ஒன்றையும் வைத்து, இரண்டு பத்தி எழுதினால் ஒரு மாணவியின் பக்கம் நிறைந்துவிடும். ஒன்றை மட்டும் நீங்கள் கட்டாயம் எச்சரிக்க வேண்டும்: இந்தச் செடி முழுவதும் நச்சுத்தன்மை உடையது. பார்க்கலாம், படம் எடுக்கலாம். பறிக்கவோ வாயில் வைக்கவோ கூடாது.

கடம்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நாட்டில் கடம்பு என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் வழங்கப்படுகின்றன. பந்து வடிவில் மஞ்சள் பூக்கொத்து உடையது ஒன்று, நீர்நிலையோரம் சரம் சரமாகச் சிவப்புப் பூ தொங்கவிடும் செங்கடம்பு இன்னொன்று, நீர்க்கடம்பு மற்றொன்று. தலையின் படத்தையும் நேரில் காணும் மரத்தையும் ஒப்பிட்டு, எந்தக் கடம்பு எது என்று பிரித்தறியும் வேலையை மாணவிகளிடமே விடுங்கள். இலை அமைப்பு, பூக்கொத்தின் வடிவம், நிறம் ஆகிய மூன்றையும் பார்த்தாலே போதும்.

அடுத்து இரண்டு தொகுதிகளை நான் சேர்க்கச் சொல்வேன். இரண்டுமே பூக்கும் மரங்களைப் பற்றியவை. 1981இல் வந்ததில் புரசு, மாவிலங்கம், சரக்கொன்றை, மந்தாரை என்று நான்கு. 1993இல் வந்ததில் பூமருது, கோங்கு, கல்யாண முருங்கை, பூவரசு என்று நான்கு. இந்த எட்டுப் பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே தெரியும், டெல்லியில் தேர்ந்தெடுத்த பட்டியல் என்றாலும் நம் கோயில் நந்தவனத்தையும் கண்மாய்க்கரையையும் வயல் வேலியையும் சுற்றி வந்து எழுதிய பட்டியலாகவே அது அமைந்துவிட்டது. பூவரசு இல்லாத கிராமம் மதுரை மாவட்டத்தில் அரிது. வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படரவிடும் மரங்களில் கல்யாண முருங்கையும் ஒன்று. சித்திரைத் திருவிழா நடக்கும் வெயில் நாளில் அழகர்கோயில் பக்கம் போனால் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குவதைக் காணலாம். இதே சரக்கொன்றை 2000ஆம் ஆண்டில் 20 ரூபாய் மதிப்புள்ள பொதுப் பயன்பாட்டுத் தலையிலும் வந்தது. பதிவுத் தபால்களிலும் பொட்டலங்களிலும் அதை ஒட்டியிருப்பார்கள். அலுவலகங்களில் பழைய உறைகளைக் கழிக்கும்போது கேட்டு வாங்கினால் காசில்லாமலே கிடைக்கும். ஒரே மரத்தை 19 ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு தலைகளில் எப்படிக் காட்டினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வகுப்பறைக்கு நல்ல பயிற்சி.

மூலிகைகளில் ஆர்வமுள்ள மாணவி இருந்தால் 1997இல் வந்த துளசி, மஞ்சள், சர்ப்பகந்தி, சோற்றுக்கற்றாழைத் தலைகளும், 2003இல் வந்த குக்குலு, நீர்ப்பிரமி, அமுக்கரா, நெல்லித் தலைகளும் போதும். ரோஜாவை விரும்பும் மாணவிக்கு 1984இல் வந்த மிருணாளினி, சுகந்தா என்ற இரண்டு இந்திய ரோஜா வகைகளின் தலைகள் இருக்கின்றன. இமயமலைப் பூக்களைப் பற்றி 1982இல் வந்த நான்கும் அழகானவையே. ஆனால் மாணவிகள் நேரில் காண முடியாதவை என்பதால் அவற்றைப் பின்னுக்குத் தள்ளலாம். 1991இல் வந்த ஆறு ஆர்க்கிட் தலைகளில் வாண்டா ஸ்பதுலேட்டா தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. ஏரிடெஸ் கிரிஸ்பம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் உள்ள திரு இருதயக் கல்லூரி அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அந்தத் தலைகள் மாணவிகளுக்கு வேறு விதமாகப் பேசும். குறிஞ்சிப் பூவுக்கு 2006இல் தனித் தலை வந்தது. அந்த ஆண்டில்தான் நீலக்குறிஞ்சி மலை முழுவதும் பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது அதன் இயல்பு என்பதால் 2018இல் மீண்டும் பூத்தது, அடுத்து 2030. இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் மாணவி, தலையை இப்போது வாங்கி வைத்துவிட்டு, பூவை நேரில் பார்த்து அந்தப் பக்கத்தை முடிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

மல்லிகையை விட்டுவிட்டு மதுரையில் மலர்களைப் பற்றி எழுத முடியாது. மணம் வீசும் தலைகளை இந்திய அஞ்சல் துறை 2006 டிசம்பரில் சந்தனத்தோடு தொடங்கியது. 2007இல் ரோஜா, 2008இல் மல்லிகை, 2017இல் 100 ரூபாய் மதிப்பில் காப்பி என்று அது தொடர்ந்தது. உலக அளவில் இது புதிதல்ல. பூட்டான் 1973லேயே ரோஜா மணமுள்ள தலைகளை வெளியிட்டிருக்கிறது. நறுமண எண்ணெயை மிக நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து, அச்சுமையோடு அல்லது அதன் மேற்பூச்சோடு தாளில் பரப்பிவிடுவார்கள். விரலால் தேய்க்கும்போது அந்த உறைகள் உடைந்து மணம் வெளிப்படும். உடைந்தவை உடைந்தவைதான். ஆகவே மல்லிகைத் தலையைச் சேர்ப்பவர் இரண்டு பிரதி வாங்க வேண்டும்: ஒன்று தொடுவதற்கு, ஒன்று தொடாமல் வைப்பதற்கு. தொடாமல் வைத்தாலும் காலப்போக்கில் மணம் குறையும் என்பதை மாணவிகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மணமுள்ள தலைகளை ஒருபோதும் நீரில் ஊறவைக்கக் கூடாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் மாணவிகளை அழைத்துப் போய், உசிலம்பட்டி, நிலக்கோட்டை, திருமங்கலம் பக்கங்களிலிருந்து வரும் மொட்டுகளைப் பார்க்கச் செய்து, அந்தக் குறிப்பை மல்லிகைத் தலையின் கீழே எழுதச் சொன்னால், அந்தப் பக்கத்துக்கு இணையான பக்கம் வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் இராது. புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கு அஞ்சல் துறை 2021இல் பல ஊர்களில் சிறப்பு உறைகளை வெளியிட்டது. அத்தகைய உறை கண்ணில் பட்டால் அதையும் இந்தப் பக்கத்தோடு சேர்க்கலாம்.

வெளிநாட்டுத் தலைகளுக்கு நான் சொல்லும் இடம் கடை அல்ல, வீட்டுப் பரண். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் போனவர்கள் எழுதிய கடிதங்கள் இன்னும் பல வீடுகளில் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. மலேசியா 1965இல் தன் மாநிலங்களுக்கு ஆர்க்கிட் மலர்த் தலைகளையும், 1979இல் பூக்களும் மரங்களும் கொண்ட தலைகளையும், 1986இல் விளைபொருள் தலைகளையும் வெளியிட்டது. ஒரே ஓவியத்தை ஒவ்வொரு மாநிலமும் தன் சுல்தானின் படத்தோடு அல்லது தன் சின்னத்தோடு அச்சிட்டுக்கொள்ளும் என்பதுதான் இவற்றின் சிறப்பு. ஜொகூர், பேராக், சிலாங்கூர், கெடா என்று ஒரே பூவை மாநிலம் மாநிலமாகத் தேடிச் சேர்ப்பது மாணவிகளுக்கு முடியக்கூடிய, செலவில்லாத இலக்கு. 1979 தொகுதியில் 15 சென் தலை செம்பருத்தி. அதுவே மலேசியாவின் தேசிய மலர். நம் வீட்டு வாசலிலும் அதுவே நிற்கிறது. 5 சென் தலையில் இருப்பது பூமருது. மேலே சொன்ன 1993 இந்தியத் தொகுதியின் அதே மரம். 1986 தொகுதியில் 15 சென் தலை இரப்பர், 20 சென் தலை செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. நம் பக்கத்து மக்கள் பால் வெட்டிய மரமும் அறுத்த குலையும் அவை. இலங்கையில் 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் வந்த வரிசையில் 2 சதத் தலையில் இரப்பர் பால் எடுப்பதும் 9 சதத் தலையில் தேயிலை கிள்ளுவதும் காட்டப்பட்டிருக்கின்றன. செடியோடு அதைப் பயிரிட்ட மனிதரும் தலையில் வந்துவிட்ட அரிய இடம் அது. தாவரத் தலைகளைச் சேர்ப்பவர்கள் வண்ணப் பூக்களை மட்டும் தேடி, இத்தகைய ஒற்றை நிறத் தலைகளை ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருவது.

அப்படி ஒரு கடிதம் கிடைத்தால் தலையைக் கத்தரித்து எடுக்காதீர்கள். ஈப்போவிலோ கிள்ளானிலோ குத்திய முத்திரையும், தேவகோட்டையிலோ மேலூரிலோ வந்து சேர்ந்தபோது பின்புறம் குத்திய முத்திரையும், முகவரியின் கையெழுத்தும் சேர்ந்ததுதான் அந்தப் பொருள். முழு உறையாகவே ஒரு பாலித்தீன் உறைக்குள் வைத்து, தொகுப்பின் பக்கத்தில் மூலைகளை மட்டும் பிடித்து நிறுத்துங்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதை வீட்டுக்காரரிடமே திருப்பித் தந்துவிடுவது முறை.

உறையோடு வைக்கத் தேவையில்லாத பயன்படுத்திய தலைகளைப் பிரிக்கும் முறை எளியது. தலையைச் சுற்றி விரலகலம் விட்டு உறையைக் கத்தரித்து, அறை வெப்பத்தில் உள்ள சுத்தமான நீரில் படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். கால் மணி நேரத்தில் தாள் தானாக விலகும். இழுத்துப் பிரிக்கக் கூடாது. நிறமுள்ள உறைகளிலிருந்து வெட்டியவற்றைத் தனிக் கிண்ணத்தில் ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் சாயம் மற்றத் தலைகளில் ஏறிவிடும். பசை முழுவதும் போனபின், படம் கீழே இருக்குமாறு உறிஞ்சும் வெள்ளைத் தாளில் வைத்து, நிழலில் காயவிட்டுக் கனமான புத்தகத்துக்குள் ஒரு நாள் வையுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம்.

புதிய, பசையோடு கூடிய தலைகளுக்குத்தான் மதுரையில் கவனம் மிகுதியாகத் தேவை. சித்திரை, வைகாசி வெயிலில் பசை வறண்டு தாள் சுருளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதே பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டும். தலைகளை அடுக்காக வைக்காமல், பட்டைகள் உள்ள அஞ்சல்தலை ஆல்பத்தில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் செருகி, ஆல்பத்தைப் படுக்க வைத்து மேலே சுமை ஏற்றாமல் நிற்க வையுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று இரண்டு போடலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பிவிசி பிளாஸ்டிக் உறைகளையும் செலோடேப்பையும் அறவே தவிருங்கள். தலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சை. அந்தத் தலையை உடனே பிரித்துத் தனியாக வைக்க வேண்டும். வீட்டில் அதை நீக்க முயன்றால் பெரும்பாலும் தலையே கெடும். இடுக்கியால் எடுப்பதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். ஒவ்வொரு மாணவிக்கும் முனை மழுங்கிய இடுக்கி ஒன்று போதும்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதுரைத் தலைமை அஞ்சலகத்தில் புதிய வெளியீடுகளைக் கேட்டு வாங்கலாம். 200 ரூபாய் செலுத்தி அஞ்சல்தலை வைப்புக் கணக்கு தொடங்கினால், புதிய தலைகள் வரும்போது அந்தப் பணத்திலிருந்து கழித்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். பழைய தலைகளுக்கு வணிகர்களிடம் போகத்தான் வேண்டும். அங்கே ஒரே ஒரு கருத்தை மனத்தில் வையுங்கள்: விடுதலைக்குப் பின் வந்த இந்திய மலர்த்தலைகளில் பெரும்பாலானவை பெரும் எண்ணிக்கையில் அச்சிடப்பட்டவை. அவற்றை அரியவை என்று சொல்லி எவராவது பெரிய விலை கேட்டால், வாங்காமல் வருவதே நல்லது. விலை ஏறும் என்ற எண்ணத்தில் இந்தத் தொகுப்பைத் தொடங்கவும் வேண்டாம். வெளிநாட்டுப் புதிய தலைகளில் ஐயம் வந்தால், உலக அஞ்சல் ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் எண்ணிடும் பட்டியலில் அது இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். எந்த நாடும் வெளியிடாமலேயே நாட்டின் பெயரைப் போட்டு அச்சிடும் போலிகளில் மலர்களும் பட்டாம்பூச்சிகளும் மிகுதி.

உங்கள் மாணவிகளின் வயதுக்கு ஏற்ற உதவி ஒன்று இருக்கிறது. அஞ்சல் துறை 2017இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு அஞ்சல்தலை ஆர்வத்துக்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருந்து அதில் மாணவி உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது அவர் பெயரில் வைப்புக் கணக்கு இருக்க வேண்டும். வினாடி வினாவும் ஒரு செயல்திட்டமும் உண்டு. கடம்பு, செங்காந்தள், மல்லிகை என்று மூன்று பக்கங்களை உருப்படியாக முடித்த மாணவியிடம் அந்தச் செயல்திட்டத்துக்கான சரக்கு ஏற்கெனவே கையில் இருக்கும். ஆகவே தலைமை ஆசிரியரிடம் பேசி, முதலில் மன்றத்தைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு தலைகளை வாங்கத் தொடங்குங்கள். பக்கங்களைத் தயாரிக்கும்போது ஏ4 அளவுத் தாளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். கண்காட்சிகளில் ஒரு சட்டகத்துக்கு 16 பக்கம் என்பது வழக்கம் என்பதால், பின்னாளில் மாவட்டக் கண்காட்சிக்கோ மாநில அளவில் நடக்கும் தனாபெக்ஸுக்கோ அனுப்ப நினைத்தால் திரும்ப ஒட்டும் வேலை இராது.